வலது கண்ணாடியில் எரிந்த விளக்கு

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்த் தேநீர் ஊற்றுகிற ஆள் நான். மாமி என் மகளுக்குக் கண்ணூறு கழிக்கவென்று செத்தல் மிளகாயை அடுப்பில் போட்டபோதுகூட, புகை அலாரம் அடிக்கப் போகிறதே, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டப் போகிறாரே என்பதுதான் என் கவலையாக இருந்தது. எனக்குப் பயங்கள் நிறைய உண்டு. ஆனால் அவை எல்லாம் காய்ச்சல், கார், வழுக்குகிற படி என்று காரணம் சொல்லக்கூடிய பயங்கள். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் நான் கோபிக்க மாட்டேன். நானே பல நாட்களில் நம்புவதில்லை, பிறகு 401 நெடுஞ்சாலையில் அந்த இடத்தால் கார் ஓடிப் போகும்போது நம்பிவிடுகிறேன்.

முதலில் அப்பாவின் டிடெக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொலிஸ்காரர் எங்கேயாவது ஒளித்து நின்று ரேடாரால் வேகம் பிடித்தால், அந்த ரேடாரை முன்கூட்டியே மோப்பம் பிடித்துக் கத்துகிற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. நாங்கள் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் அதைக் காரில் வைத்திருப்பதே குற்றம். அப்பா அதை அமெரிக்கப் பக்கம் பஃபலோவில் யாரோ தெரிந்தவரிடம் வாங்கினார். நியூ ஜெர்சியில் இருந்த மாமா வீட்டுக்கு நாங்கள் வருடா வருடம் எங்கள் வான் வண்டியில் போவோம், எல்லைப் பாலத்தைத் தாண்டி அமெரிக்காவுக்குள் போனதும் அப்பா வானை ஓரமாக நிற்பாட்டி, மேலதிக ரயருக்குக் கீழே பழைய துவாயில் சுற்றி வைத்திருந்த பெட்டியை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவார். நானும் தம்பியும் முன் சீற்றுக்கு நடுவால் தலையை நீட்டிக்கொண்டு, எப்போது கத்தும், எப்போது கத்தும் என்று பார்த்திருப்போம். அது கத்தினால் அப்பா உடனே வேகத்தைக் குறைப்பார். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் நம்பினால் நம்புங்கள், அவர் அதற்கு முதலும் வேகமாக ஓடியது கிடையாது.

"இஞ்சருங்கோ, உங்களைப் பொலிஸ் பிடிச்சா மெதுவா ஓடினதுக்குத்தான் பிடிக்கும்" என்பார் அம்மா.

"கத்துதெல்லோ, ஆரோ எங்களைப் பாக்கிறாங்கள்" என்பார் அப்பா, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

அந்தச் சத்தத்தை இன்றைக்கும் நினைத்தால் வானுக்குள் இருந்த மாசிச் சம்பல் சாண்ட்விச்சின் மணமும் சேர்ந்து வருகிறது. 

நான் லைசென்ஸ் எடுத்து முதல் வேலைக்குப் போன காலத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடு இருந்த மில்லிக்கனில் இருந்து, நெடுஞ்சாலையை விட்டு இறங்குகிற லெஸ்லி எக்ஸிட் வரை 401இல் தனியாக ஓட வேண்டும். முதல் நாள் அப்பா கதையோடு கதையாக "நானும் அந்தப் பக்கம் போறன்" என்று வானை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். பின்னால் என்றால் நேர் பின்னால் இல்லை. என் காருக்கு வலப் பக்கத்து லேனில், என் பின் கதவுக்குச் சற்றுப் பின்னே, எந்தக் கண்ணாடியிலும் தெரியாத அந்த இடத்தில் சரியாக நின்றுகொண்டார். எக்ஸிட் வலப் பக்கம். நான் சிக்னல் போட்டுத் திரும்பிப் பார்த்தால் அப்பா. வேகத்தைக் குறைத்தேன், அவரும் குறைத்தார். கூட்டினேன், அவரும் கூட்டினார். லெஸ்லி போய்விட்டது, அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பி, முதல் நாளே வேலைக்குப் பிந்திப் போனேன்.

இரவு சாப்பாட்டில் சண்டை.

"அப்பா, நீங்கள் அதில நிண்டா நான் எப்பிடி எக்ஸிட் எடுக்கிறது?"

"அந்தப் பக்கத்தாலதான் பிள்ளை எல்லாரும் ரோட்டில ஏறுறாங்கள். நான் நிண்டா ஒருத்தனும் உன்னில முட்டமாட்டான்."

"நீங்கள்தான் முட்டப் பாத்தனீங்கள்!"

"நான் முட்டினா வீட்டுக்குள்ள கதைச்சுத் தீர்க்கலாம்."

தம்பி சோற்றுக் கோப்பையோடு விழுந்து விழுந்து சிரித்தான். அந்தக் கிழமை முழுக்க அப்பா வந்தார், பிறகு எனக்குப் பழகிவிட்டது என்று அவரே நிறுத்திக்கொண்டார், அல்லது நான் அப்படித்தான் நினைத்தேன். அவர் போய் இப்போது சில வருடங்கள் ஆகிவிட்டன. என் மகள் ஆதிரா பிறந்ததை அவர் பார்க்கவில்லை. டிடெக்டர் என்னிடம் வந்தது.

போன மாசி மாதம் மாமாவின் மகளுக்குக் கல்யாணம் என்று நானும் கணவர் சுதனும் நான்கு வயது ஆதிராவுமாக நியூ ஜெர்சி போனோம். பாலம் தாண்டியதும் நான் அப்பாவைப் போலவே பெட்டியை ஒட்டினேன். அது வாய் மூடவேயில்லை. சுதனுக்கு இவை எல்லாம் அத்துப்படி, இப்போதைய கார்களில் பக்கத்தில் வாகனம் வந்தால் எச்சரிக்கிற சென்சர் இருக்கிறது, அதுவும் ரேடார்தான், பொலிஸ் பாவிக்கிற அலைவரிசைக்குப் பக்கத்தில்தான் வேலை செய்கிறது என்று விளக்கினார்.

"உது பொலிஸைக் காட்டேல்லை, பக்கத்தில போற ஒவ்வொரு காரையும் காட்டுது. உம்மட அப்பாவின்ர சாமான் இனிக் குப்பைக்குத்தான் சரி."

"கொஞ்சம் கிடக்கட்டும்" என்றேன். எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது பாலத்துக்கு முதலே அதைக் கழற்றியிருக்க வேண்டும். பனி கொட்டிக்கொண்டிருந்தது, ஆதிரா இருமிக்கொண்டிருந்தாள், இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

அதற்கு அடுத்த நாள் பின்னேரம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். ஆதிராவுக்குக் கைக்குழந்தையிலிருந்தே முட்டு. குளிர் பட்டால் மூச்சு இழுக்கும். அவளை வழக்கமாகக் காட்டுகிற ஆஸ்பத்திரி லெஸ்லி எக்ஸிட்டில் இறங்கியவுடன் இருக்கிறது. அன்றைக்கு அங்கே அவளைப் பார்க்க நேரம் தந்திருந்தார்கள். சுதன் வேலையில். வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது அவள் இருமிக்கொண்டு கதைத்தாள், மூச்சுக்கு மருந்து உறிஞ்சுகிற பஃபர் அடித்துவிட்டேன், கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தது. அம்புலன்ஸைக் கூப்பிடுவோமா, சும்மா ஆட்களைப் பதற வைக்கிறேனா என்று வாசலில் நின்று யோசித்ததும் உண்மை. எப்போதும் அப்படித்தான் யோசிக்கிறேன்.

401இல் ஏறிய பிறகுதான் பெட்டி கத்தத் தொடங்கியது. கழற்ற மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது, பொலிஸ் கண்டால் என்ன செய்வது, ஓடுகிற காரில் எப்படிக் கழற்றுவது. ஒவ்வொரு கார் கடக்கும்போதும் சத்தம் கூடும், பிறகு குறைந்து நின்றுவிடும். சரி, சுதன் சொன்னது இதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு ஒரு சத்தம் வந்தது, அது குறையவில்லை. ஒரே அளவில், ஒரே சீராக. அதே நேரம் என் வலப் பக்கக் கண்ணாடியில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது, பக்கத்தில் வாகனம் நிற்கிறது என்று கார் சொல்கிற விளக்கு. யாரோ ஒட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தேன். வேகத்தைக் குறைத்தேன். விளக்கு எரிந்தபடி. கூட்டினேன். எரிந்தபடி.

பின்னால் ஆதிராவின் மூச்சு விசில் அடிப்பதுபோலக் கேட்டது.

"அம்மா, நெஞ்சு ஹேர்ட்டிங்."

"இந்தா வந்திட்டம் குஞ்சு, இந்தா வந்திட்டம்."

சிக்னல் போட்டேன், விளக்கு மினுக்கத் தொடங்கியது, காரும் கூச்சல் போட்டது. தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தேன். லேன் வெறுமையாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஈரத் தார் ரோட்டைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் திரும்பினால் ஆதிராவின் சீற்றும் கண்ணில் படும். அவளுடைய உதட்டின் ஓரம் நிறம் மாறியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது.

ஸ்டியரிங்கைத் திருப்பப் போனேன், கார் கத்தியது, கை தானாகவே பின்வாங்கியது. மெசினுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருக்கலாம், கண் தவறலாம், இரண்டு மெசின் ஒன்றாகப் பொய் சொல்லுமா? ஒன்று பார்க்கிற சாமான், மற்றது கேட்கிற சாமான். ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லை. இரண்டும் அங்கே ஆள் நிற்கிறது என்கின்றன. இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தேன். ரோடு வெறுமை. லெஸ்லி பலகை தலைக்கு மேலால் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த இடத்தில் வேறு யார் நிற்பார் என்று. எப்படி விளங்கியது என்று கேட்காதீர்கள். பயம் வரவில்லை. முதலில் வந்தது ஒரு பெரிய ஆறுதல், பத்திரமாக இருக்கிறேன் என்கிற அந்தப் பழைய ஆறுதல், அடுத்த கணம் அழுகையும் ஆத்திரமும்.

"அப்பா, விலத்துங்கோ! பிள்ளைக்கு மூச்சு வரேல்லை, விலத்துங்கோ அப்பா!"

கத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே திருப்பினேன். பெட்டி உச்சத்துக்குப் போய், சட்டென்று நின்றது. விளக்கும் அணைந்தது. கார் அந்த லேனுக்குள் ஒரு அசைவும் இல்லாமல் போய், எக்ஸிட்டில் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துவிட்டார்கள். மாஸ்க் போட்டு, மருந்து கொடுத்து, கொஞ்ச நேரத்தில் அவள் நித்திரையாகிவிட்டாள். இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டப்பட்டிருப்பாள் என்று டொக்டர் சொன்னார். சுதன் ஓடி வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"உமக்கு விசரே? பம்பரில சேறும் பனியும் பிடிச்சா சென்சர் உப்பிடித்தான் சும்மா எரியும். அந்தப் பெட்டி எங்கட காரின்ர சென்சரையே பிடிச்சிருக்கும்."

"அப்ப, நான் உள்ளுக்குப் போனவுடனே ரெண்டும் ஏன் நிண்டது?"

"சேறு விழுந்திருக்கும்."

நியாயமான விளக்கம். நான் அதை ஏற்றுக்கொண்டேன், அதாவது பகலில் ஏற்றுக்கொண்டேன். காரைக் கொடுத்துச் சோதித்தோம், சென்சரில் பிழை ஒன்றும் இல்லை என்றார்கள். பெட்டியைச் சுதன் மின்சாதனக் கழிவுக்குக் கொடுத்துவிட்டார், நான் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த விளக்கு அந்த இடத்தில் காரணமில்லாமல் ஒருநாளும் எரிந்ததில்லை.

என்னை அரிப்பது வேறு. அவர் விலத்தினாரா, அல்லது நான் அவருக்கு மேலாலேயே போனேனா? பிள்ளைக்காகச் செய்தேன், திரும்பவும் செய்வேன். என்றாலும்.

பிறகு மாதத்துக்கு ஒரு தரம் ஆதிராவைக் காட்டப் போக வேண்டியிருந்தது. போகும் ஒவ்வொரு முறையும், லெஸ்லிக்குக் கொஞ்சம் முன்னால், வலப் பக்கத்து லேனில் ஒரு இடைவெளி இருக்கும். ஒரு வாகனம் நிற்கக்கூடிய அளவு. அது நின்ற இடத்தில் நிற்காது, என்னோடு கூடவே வரும். முன்னால் கார், பின்னால் கார், நடுவில் ஒன்றுமில்லை. நெரிசல் நேரத்தில் 401இல் ஒரு சாண் இடம் கிடைத்தாலே மூக்கை நுழைக்கிற ஆட்கள், அதற்குள் ஒருவரும் வருவதில்லை. நானும் போனதில்லை. அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பி வருவேன். இதைச் சுதனிடம் சொல்லவில்லை, சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும்.

போன கிழமை அவர் லீவு எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார். நான்தான் ஓடினேன். நல்ல வெயில், ரோடு காய்ந்து கிடந்தது, வாகனங்கள் ஒன்றோடு ஒன்று முட்டாத குறை. நான் சிக்னலைப் போட்டுவிட்டு நேரே போய்க்கொண்டிருந்தேன்.

"உள்ளுக்குப் போமன்" என்றார். "அவ்வளவு இடம் கிடக்குதெல்லோ?"

அவர் கொஞ்ச நேரம் பக்கத்துக் கண்ணாடியால் பார்த்தார். பிறகு சீற்றில் முழுதாகத் திரும்பி இருந்து பார்த்தார். இடைவெளிக்குப் பின்னால் ஒரு பெரிய லொறி வந்தது. முன்னால் ஒன்றுமே இல்லாத அந்த லொறி, யாரோ முன்னால் பிரேக் பிடித்ததுபோல, தானும் மெல்லப் பிரேக் பிடித்தது.

"ஏன் ஒருத்தனும் உதுக்குள்ள வரேல்லை?" என்று கேட்டார் சுதன்.

எக்ஸிட் கடந்து போகும் வரை அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு ஸ்டியரிங்குக்கு மேலால் கையை நீட்டி, சத்தமில்லாமல் என் சிக்னலை நிற்பாட்டினார்.