அம்மாவுக்கு அடித்த சாவுத் தப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் இரத்தினபுரிக்குப் போகும் வண்டிப்பாதைக்கும் நடுவே ஓர் ஆறு ஓடியது. அதற்குப் பாலம் கட்டித் தருவதாக நான் பிறப்பதற்கு முன்பே அரசாங்கம் சொல்லியிருந்தது. வருஷா வருஷம் தொப்பி போட்ட ஒருவர் வந்து சங்கிலி பிடித்து அளப்பார், இளநீர் குடிப்பார், போய்விடுவார். எத்தனை தடவை அளந்தும் ஆறு அகலவும் இல்லை, குறுகவும் இல்லை.

மழைக்காலத்தில் யாருக்காவது நோய் முற்றினால் எங்கள் வரிசைவீட்டு லயத்து ஆண்கள்தான் பாலம். கம்பளியை மூங்கிலில் தூளிபோலக் கட்டி நோயாளியைக் கிடத்துவார்கள். கழுத்தளவு தண்ணீரில் வரிசையாக நின்று, மூங்கிலைக் கைமாற்றிக் கைமாற்றி அக்கரை சேர்ப்பார்கள். அதற்கு அத்தனை ஆண்களும் வேண்டும். ஆனால் நோயாளியைத் தூக்குவதற்கென்று வேலைநேரத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஆட்களை விடமாட்டார். சாவு விழுந்தால் மட்டும் விடுவார். செத்தவர்களுக்கு இருந்த சலுகை சாகக் கிடப்பவர்களுக்கு இல்லை.

அப்படி ஓர் அடைமழையில் அம்மாவுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். அப்பா உட்பட ஆண்கள் எல்லாரும் மலையில், தண்ணீர் வடியக் கான் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, விடிகாலையில் தப்படித்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு எல்லாரையும் கூப்பிடுகிறவர்; அன்று லயத்தில் இருந்த ஒரே ஆம்பளை அவர்தான். அவர் தப்புப் பறையை எடுத்து அடுப்பில் காய்ச்சினார். வாசலில் நின்று அடித்தார். அது சாவுக்கு அடிக்கும் அடி. தோட்டத்தில் அது தெரியாத பிள்ளை கிடையாது. நான் மாரில் அடித்துக்கொண்டு அலறினேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாருடா தம்பி போனது?"

"மேல் லயத்துக் கெழவி, அக்கா. நீ கண்ண மூடிக்க."

எனக்கு அழுகை பாதியில் நின்றுவிட்டது.

முதலில் ஓடிவந்தவர், மலையில் ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்த எங்கள் கங்காணி. அவர் வாசலில் கால் வைத்த நேரம் பார்த்து அம்மா வலியில் வீரிட்டாள். கங்காணி மாமாவை ஒரு பார்வை பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்தார். பின்னால் வந்தவனிடம் திரும்பி, "செத்துத்தான் போச்சு. ஆம்பளைங்க அத்தன பேரையும் கூப்பிடு. தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

"எங்கம்மா சாகல! கத்துறாங்கல்ல!" என்று கூச்சல் போட்டேன். அவர் என் வாயைப் பொத்தினார். உள்ளங்கையைக் கடித்துவிட்டேன்.

ஆற்றில் தண்ணீர் அப்பாவின் உதடுவரை ஏறியது. கம்பளி நனையவில்லை. அந்த மனிதர்கள் நின்ற நிற்பை நினைத்தால், இப்போதும் திரும்பிப்போய் அவர்களோடு வாழ்ந்துவிடலாம் போலிருக்கிறது.

அம்மா பிழைத்தாள், கையில் ஒரு தம்பியோடு வந்தாள். உடம்பு தேறி அவள் பெரட்டுக்குப் போய் நின்ற அன்று துரை கங்காணியைக் கூப்பிட்டார்.

"செத்த பொம்பள எப்படி வந்தான்?" என்றார் தன் அரைகுறைத் தமிழில்.

கங்காணி கைகட்டி நின்றார். "எனக்குக் காது மந்தமுங்க தொரை. மழைச் சத்தத்துல உசுரு இருந்தது வெளங்கலீங்க."

மாமா வாய் திறக்கப் போனார். கங்காணி அவர் காலை மிதித்தார். கங்காணிக் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, மண்வெட்டியைக் கொடுத்து அவரைக் கான் வெட்ட அனுப்பினார் துரை. லயத்துச் சனம் முழுக்கத் தலைகுனிந்து நின்றது.

எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா அத்தனை பெரிதாகக் கத்தியும் கேட்காத அந்தச் செவிட்டு மனுஷனுக்கு நன்றாக வேண்டும் என்று, இடுப்பில் இருந்த தம்பியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.