அமைச்சரின் ஆங்கிலமும் என் சிங்களமும்

வெளிநாட்டு மேடையில் நம் அமைச்சர் ஒருவர் ஆங்கிலத்தில் தடுமாறிய வீடியோவைப் பார்த்து, எங்கள் கண்டிப் பதிவாளர் அலுவலகமே வயிறு வலிக்கச் சிரித்தது. “சொந்த பாஷையில பேசினா இவருக்கு என்ன குறைஞ்சிடும்?” என்று அதிகம் கத்தியவன் நான்தான்.

அன்றே ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துத் தமிழ் அம்மா ஒருவர் பிறப்புச் சான்றிதழுக்காக வந்தார். அலுவலகத்தில் தமிழன் நான் ஒருவன்தான். ஆனாலும் மற்றவர்கள் முன்னால் தமிழ் பேசக் கூச்சப்பட்டு, வழக்கம்போல் சிங்களத்திலேயே விசாரித்தேன். வார்த்தை கிடைக்காமல் வியர்த்துப்போனவர், கையிலிருந்த விண்ணப்பப் படிவத்தை மடித்துக்கொண்டு வெளியேறினார்.

ஜன்னலுக்கு அப்பால் அவர் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது: “கவர்மெண்ட நம்பி வந்தது வீண். இங்க தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளும் இல்ல.”

எழும்பிப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். கதிரையிலேயே இருந்தேன்.