லென்ஸுக்குள் சிறுத்த காட்டுமாடு

கொட்டச்சேடு மலைக்கிராமத்து விடுதியில் பார்த்த எடுபிடி வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு வேலை மாறுவது புதிதல்ல. கழுத்தில் ஒரு ஃபுல் ஃபிரேம் கேமரா தொங்கியது. டவுனில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் முந்தின நாள் கொடுத்தது. "இது வேணுமா, உங்க பழசே போதுமானு எடுத்துப் பாத்துட்டு சொல்லுங்க. எது சரின்னு படுதோ அதுலயே எங்கிட்ட வேலைக்குச் சேந்துக்கலாம்" என்றிருந்தார்.

காபித் தோட்டத்து மூடுபனியில் ஒரு காட்டுமாடு நின்றது. என் பழைய கேமராவின் லென்ஸைத்தான் இதில் மாட்டியிருந்தேன். பழையதில் கிட்டத்தில் தெரிவதெல்லாம் இதில் சிறுத்து, எட்டி நிற்பதுபோல் தெரிந்தது. ஃபுல் ஃபிரேமின் பெரிய சென்சாரில் காட்சி அகலமாக விழும் என்பது புரியாமல், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே முன்னால் நடந்தேன்.

"ஏனுங்க! பொட்டிக்குள்ள பாக்காதீங்க, வெறுங்கண்ணால பாருங்க!"

காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா கத்தினார். கேமராவை இறக்கினேன். பத்தடியில் அதன் மூச்சு புகைந்தது. தலையைத் தாழ்த்தி, குளம்பால் மண்ணைக் கீறியது.

"ஓடிறாதீங்க சாமி. முதுகு காட்டாம பின்னால வாங்க. இன்னொரு எட்டு. இன்னொண்ணு."

அவர் குரலைப் பிடித்துக்கொண்டே பின்வாங்கினேன். கடைசியில் அது சீறிவிட்டுப் புதருக்குள் திரும்பியது.

"போட்டோ நொம்ப நல்லா உழுந்துச்சுங்களா?" என்று சிரித்தார்.

நான் படமே எடுத்திருக்கவில்லை.

மறுநாள் காலை, ஒரு கூட்டமே படத்துக்குள் அடங்கும் என்று அந்த ஃபுல் ஃபிரேமையே கேட்டு வாங்கி, ஏரிக்கரையில் குடும்பங்களைப் படமெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் ஓரடி எடுத்து வைக்குமுன் கேமராவை இறக்கி, வெறுங்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.