பேஷண்டாக இருக்கச் சொன்ன கடிதம்

இங்கிலீஷ் கடிதத்தை வாசித்துச் சொல்வது லேசான தொழில் என்று நினைக்கிறவர்கள், பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் கொமியூனிகேஷன் கடையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். போட்டோ கொப்பி எடுக்க வருகிறவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் கடிதத்தோடு வருவார்கள். அர்த்தத்தையும் அவர்களே முடிவு செய்துகொண்டு வருவார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

பேஷண்ட்

ஸ்பிரிங்வெளி தோட்டத்து மாரிமுத்து அண்ணன், தன் மகளுக்கு கொழும்பில் ஒரு பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். 'ப்ளீஸ் பி பேஷண்ட்' என்று பதில் வந்தது. நோயாளியாக இருந்தால்தான் சேர்ப்பார்கள்போல என்று மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் காலையிலிருந்து வரிசையில் நின்றிருக்கிறார். பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட இல்லை. டாக்டர் இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன். அண்ணன் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அப்ப பொறுமைக்கு மெடிக்கல் தேவையில்லைங்களா?"

என்கேஜ்ட்

அப்புத்தளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரிஸானா ராத்தா அழுதுகொண்டே வந்தார். கொழும்பு ஹோட்டலில் வேலை செய்யும் மகனுக்கு போன் எடுத்தால் பதில் இல்லையாம். பிறகு அவனோடு வேலை செய்கிறவன், 'உங்கள் மகன் என்கேஜ்ட்' என்று இங்கிலீஷில் மெசேஜ் போட்டிருக்கிறான். தாய்க்குத் தெரியாமல் நிச்சயதார்த்தமா என்று குடும்பமே கொதித்துப்போய், தாய்மாமன் சாப்பிடாமல் படுத்துவிட்டாராம்.

கையில் வேலை இருக்கிறது என்றுதான் அர்த்தம் என்று விளக்கினேன். ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவ்வளவு வேலைன்னா அவனுக்குப் பொண்ணு தேட எங்க நேரம், நானே ஒரு புள்ளையப் பார்க்கிறேன்."

லீவ்

இதில் மட்டும் எனக்கும் பங்கு உண்டு. கொஸ்லந்த தோட்டத்து லொறி டிரைவர் செல்வம், தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டு எழுதிய கடிதத்தை டைப் செய்து கொடுத்தவள் நான்தான். அதன் அடியில் தோட்ட மானேஜர் தொரை, 'வியாழக்கிழமை யூ மே லீவ்' என்று எழுதி அனுப்பினார். பக்கத்து வீட்டில் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும் பெண், 'நீங்கள் வெளியேறலாம்' என்று மொழிபெயர்த்துவிட்டாள்.

வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். செல்வமும் மனைவி சரோஜாவும் ராத்திரியோடு ராத்திரியாக சட்டிபானையைக் கட்டி, கோழிகளைக் கூடையில் அடைத்துவிட்டு, எதற்கும் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று என்னிடம் வந்தார்கள். வியாழக்கிழமை கல்யாணத்துக்குக் கிளம்பலாம் என்றுதான் தொரை எழுதியிருக்கிறார் என்றேன். செல்வம் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். சரோஜாதான் பேசினாள்.

"நல்லதாப் போச்சுக்கா, கட்டிலுக்கு அடியில கிடக்கிறத ஒதுக்குங்கன்னு பதினேழு வருஷமா நான் சொன்னேன், தொரை எழுதினதும்தான் இவரு ஒதுக்கினாரு."

ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கு ஐந்து அர்த்தம் இருக்கலாம், ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் ஆறாவதோடுதான் வருகிறார்கள்.