ஊருக்குப் போக ஆசைப்பட்ட நீதவான்

"சார், அந்த வெள்ளக்கார ஜட்ஜு எழுதின கடுதாசியில எங்க பூட்டன் பேரு இருக்கான்னு பாத்து சொல்லுவீங்களா?"

போன ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனில் என் வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றார் தவமணியக்கா. கந்தப்பளைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அதுவரை அவரை எனக்குத் தெரியாது. பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். எல்லாம் நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியால் வந்த வினை!

உங்களுக்கு நினைவிருக்கும்... நுவரெலியாவுக்கு வந்த ஓர் ஆங்கிலப் பெண்மணியைப் பற்றி எழுதியிருந்தேன். அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு, இங்கே நீதவானாக வேலை பார்த்த நண்பர் ஒருவர் எழுதிய கடிதங்களின் பிரதியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவின் மகள் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

அந்த நீதவானை ஒருவருக்கும் பிடிக்காது. தோட்டத்தை விட்டுச் சொல்லாமல் ஓடினால் ஜெயில் — அன்றைய சட்டம் அது. இவர் யாருக்கும் ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டாராம். சரி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாருக்காவது பிடித்ததா? அதுவும் இல்லை. தொழிலாளியை அடித்த ஒரு துரைக்கு அபராதம் போட்டுவிட்டார். அதோடு கிளப்பில் அவரோடு சீட்டாட ஆள் இல்லாமல் போயிற்று. மனிதர் கடிதம் எழுதாமல் வேறு என்ன செய்வார்?

அக்காவுக்கு என்ன அவசரம் என்கிறீர்களா?

அவருடைய பூட்டனுக்கு, அதாவது கொள்ளுத்தாத்தாவுக்கு, சொந்த ஊர் தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கம். ஊரைப் பார்க்க வேண்டுமென்று ஓடிப் பிடிபட்டவர். "புடிச்சு மறியல்ல அடைச்சாங்க. வெளிய வந்தவரு லயத்து வீட்டுக்குத் திரும்பல" என்றார் அக்கா. ஊர் போய்ச் சேர்ந்தாரா, வழியிலேயே செத்தாரா... யாருக்கும் தெரியாது. செத்தவர்களுக்குத் தீபாவளிக்கு முதல் நாள் படையல் போடும்போது, அந்த வீட்டில் அவருக்கு மட்டும் இலை போடுவதில்லை. பூட்டி அப்படித் தொடங்கினாராம், இன்றுவரை அப்படித்தான்.

"இன்னிக்கு உசுரோட இருக்க மாட்டாருன்னு தெரியாதா சார்? ஆனா செத்தாருன்னு யாரும் வந்து சொல்லலையே. நான் கண்ண மூடுறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்."

தேநீர் கொடுத்துவிட்டுக் கடிதங்களைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். ஒரே புலம்பல். விடாத மழை, ஒழுகும் கூரை, வேகாத ஆட்டிறைச்சி... பிறகு இங்கிலாந்தில் நண்பர் வீட்டு ஆப்பிள் மரம். எந்தக் கடிதமும் "எப்போது ஊருக்கு வருவேன்?" என்று கேட்காமல் முடிவதில்லை.

"தொரைக்கே மழ ஒத்துக்கலையா?" என்று சிரித்தார் அக்கா.

அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது.

'இன்றும் ஒருவன். ஏன் ஓடினாய் என்றேன். ஊரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது என்றான். மூன்று மாதம் கொடுத்தேன். நண்பா, உன் வீட்டு ஆப்பிள் இந்நேரம் பழுத்திருக்குமே? எனக்கு ஊரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.'

அடப் பாவி மனுஷா! அந்த ஆள் சொன்னதையே சொல்கிறாய்... எழுதும்போது கை கூசவில்லையா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நாம் மட்டும் என்ன ஒழுங்கு? கடையில் வேலை செய்யும் பிள்ளை ஊருக்குப் போக லீவு கேட்டால் நம் முகம் எப்படிப் போகிறது? ஊர் ஏக்கம் நமக்கு வந்தால் துக்கம், சம்பளத்துக்கு இருப்பவனுக்கு வந்தால் குற்றம்.

அக்கா சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

"பேரு போட்டிருக்கா சார்?"

"இல்லக்கா. அந்தாளு அப்புறம் என்ன ஆனாருன்னும் எழுதல."

மிச்சக் கடிதங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இவ்வளவு தூரம் வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்ல எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அக்கா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பி ஒன்று கேட்டார்.

"அந்தத் தொரையாச்சும் ஊரு போய்ச் சேந்தாரா?"

"இல்லக்கா. காய்ச்சல்ல இங்கயே செத்துட்டாரு. நுவரெலியாவுலதான் பொதச்சிருக்காங்க. கடுதாசி குடுத்த வெள்ளக்காரம்மா அந்தக் கல்லறையப் பாக்கத்தான் வந்திருந்தாங்க."

அக்கா கொஞ்சம் யோசித்தார். முகம் தெளிந்தது.

"அப்ப எங்க ஆளு போய்ச் சேந்திருப்பாரு சார்."

எந்தச் சட்டப்படி என்று கேட்காதீர்கள்... இந்தத் தீர்ப்புக்கு நான் அப்பீல் போவதாக இல்லை.