தோளில் இருந்த கறை

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கலர் லேபில் இருபத்திரண்டு வருடம் ரீடச்சிங், அதாவது படங்களைத் திருத்தும் வேலை, செய்தேன். பாதி வேலை பட்டுக்கடைப் புடவைப் படங்கள். ஜேபெக்கில் ஃபைலை ரொம்பச் சுருக்கினால் ஜரிகைக் கோடுகள் கலங்கிவிடும் என்பதால் அவை சுருக்காத டிஃப் ஃபார்மட்டில் வரும். மற்றவை கல்யாணம், பாஸ்போர்ட், இறந்தவர் படங்கள்.

ஒரு நாள் காலை ஐயம்பேட்டையிலிருந்து ஸ்டெல்லா என்பவர் பென் டிரைவோடு வந்தார். பள்ளியில் சத்துணவு சமைப்பவர். ஒரே மகன் ஜான்சன் ஓசூரில் வேலை பார்த்தவன், பைக் விபத்தில் போய்விட்டான். நாற்பதாம் நாள் ஜெபத்துக்குப் பெரிய படம் வேண்டும். அவன் எப்போதோ மெயிலில் அனுப்பிய படத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் அப்படியே இறக்கிக் கொடுத்திருந்தார்.

"தோள்ல ஏதோ கறை மாதிரி இருக்குதுமா. அதை மட்டும் எடுத்துடு" என்றார்.

நானூறு சதவீதம் பெரிதாக்கினேன். கறை இல்லை. நான்கு விரல் நுனிகள். பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் படத்தில் அவனைத் தவிர யாரும் இல்லை.

படத்தை மூடிவிட்டு ஃபோல்டருக்குப் போனேன். அங்கே தம்ப்நெயிலில், ஃபைல் பெயருக்கு மேல் தெரியும் சின்னப் படத்தில், இரண்டு பேர் நின்றார்கள்: அவனும், பக்கத்தில் ஒரு பெண்ணும். திறந்தால் ஒருவன். மூடினால் இரண்டு பேர். கம்ப்யூட்டர் பழைய படத்தைக் காட்டுகிறதோ என்று வேறு சிஸ்டத்தில் போட்டேன். அங்கேயும் அவள் நின்றாள். பட்டப்பகலில், ஆட்கள் நிறைந்த கடையில், நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

காரணம் பிறகுதான் உறைத்தது. கேமரா ஒரு ஜேபெக்கை எழுதும்போது அதற்குள்ளேயே தபால்தலை அளவில் இன்னொரு ஜேபெக்கையும் எழுதி வைக்கும். ஃபோல்டரில் தெரிவது அதுதான். சில பழைய சாஃப்ட்வேர்கள் பெரிய படத்தை மட்டும் வெட்டும், உள்ளே இருப்பதைத் தொடாது. அனுப்புவதற்கு முன் ஜான்சனே அவளை வெட்டியிருக்கிறான்.

சொல்வதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் ஸ்டெல்லாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். அந்தச் சின்னப் படத்தைப் பெரிதாக்கியதும் அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புச் சதுரங்கள். பச்சைத் துப்பட்டா மட்டும் தெளிவாக இருந்தது.

அவர் திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"இவ ஆஸ்பத்திரியில இருந்தா. இதே துப்பட்டா. செவுத்தோரமா நின்னு அழுதுக்கினு இருந்தா. வேற யாரையோ பறிகொடுத்தவன்னு நெனச்சேன்."

அந்தக் கட்டங்களை அப்படியே பிரிண்ட் போடச் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் பஸ் ஏறி, மகன் குடியிருந்த தெருவில் விசாரித்திருக்கிறார்.

பத்து நாள் கழித்து ஸ்டெல்லாவும் அந்தப் பெண்ணும் கடைக்கு வந்தார்கள். பெயர் ரேவதி. ஜான்சனோடு ரிஜிஸ்டர் கல்யாணம் முடிந்து ஐந்து மாதம். அம்மாவிடம் கிறிஸ்துமஸுக்குச் சொல்லலாம் என்று அவன் தள்ளிப்போட்டிருக்கிறான். படங்கள் எல்லாம் அவன் போனில் இருந்தன. அது விபத்தில் நொறுங்கிவிட்டது.

"நாங்க சேந்து இருக்கிற படம் இது ஒண்ணுதான்கா" என்றாள். ஸ்டெல்லா அவள் கையை விடவே இல்லை.

அவர்கள் போன பிறகுதான் என் வழக்கத்தை நினைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் வாடிக்கையாளர் ஃபைலிலேயே வேலை செய்து, அதன் மேலேயே சேவ் செய்துவிடுவேன். சேவ் செய்தால் எங்கள் சாஃப்ட்வேர் உள்ளே இருக்கும் சின்னப் படத்தையும் புதிதாக எழுதிவிடும். அன்று கேட்டபடி விரல்களை அழித்து சேவ் கொடுத்திருந்தால், ரேவதி அந்த ஃபைலிலிருந்தும் போயிருப்பாள். போனது யாருக்கும் தெரிந்திருக்காது.

அதற்கு முன் அப்படி எத்தனை ஃபைல்களின் மேல் சேவ் கொடுத்தேன் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. ஒரிஜினலைத் தொடாதீர்கள். முதலில் காப்பி எடுங்கள்.