பௌதி கொடுத்த ஒரு பாட்டில்

யாராவது வெற்றிலை துப்பினால், அம்மா குனிந்து அந்தச் சிவப்பை ஒரு கணம் பார்ப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அப்படித்தான். காரணத்தை அப்பாதான் பிறகு சொன்னார்.

அறுபத்தெட்டில், வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில், அம்மா பூங்கோதை என்னை ஏழு மாதமாகச் சுமந்திருந்தார். ஒரு மதியம் சிவப்பாக வாந்தி எடுத்தார்.

"வெத்தலச் சாறுதான். கொறைச்சுக்கோன்னா கேக்குறியா?" என்றார் அப்பா.

அம்மாவுக்கு வெற்றிலை பழக்கிவிட்டவர் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் ஆரதி பௌதி; பௌதி என்றால் அண்ணி. தரையைப் பார்த்ததும், அப்பாவை அண்ணன் முறையில் அழைத்து, பாதித் தமிழில் கத்தினார்: "தாதா, இன்னிக்கு நான் பான் டப்பா தொறக்கவே இல்ல. இது ரத்தம்!"

மருத்துவமனையில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். "குழந்தை?" என்று கேட்ட அம்மாவிடம், "முதல்ல நீங்க பிழைக்கணும், அப்பதான் அதுவும் பிழைக்கும்," என்றாராம் டாக்டர். அப்பாவின் ரத்தம் சேரவில்லை. பௌதியுடையது சேர்ந்தது. ஒரு பாட்டில் கொடுத்தார். மறுநாள் வயிற்றுக்குள் ரத்தக் கசிவு நின்றது. நான் மாதம் நிறைந்து பிறந்தேன்.

பௌதி கொடுத்ததை ரத்தமாகவே யாருக்காவது திருப்பித் தர அம்மா விரும்பினார். காலனி கிளப்பில் ரத்ததான முகாம் நடந்தபோதெல்லாம் வரிசையில் நின்றார். "ரத்தம் கம்மி, தீதி" என்று, அக்கா என அழைத்தே, ஒவ்வொரு முறையும் அனுப்பிவிட்டார்கள். பெஹாலாவுக்குக் குடிபோயிருந்த பௌதி கேட்டுச் சிரிப்பார்: "யாரு திருப்பிக் கேட்டா, பைத்தியம்!"

தாயின் ரத்தம் குழந்தைக்குள் நேராகப் பாய்வதில்லை என்று பி.எஸ்ஸி.யில் படித்தேன். அப்படியென்றால் இது என் கடன் இல்லையா? தெரியவில்லை. போன மாசியில் அம்மா இறந்தார். அந்த ஒரு பாட்டில் இன்னும் பாக்கி.